வேலணைப் பற்கள்

எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய பிரேத அறை நான் கட்டியது. கொந்தராத்துக்காரன் நாலு சுவரை எழுப்பிவிட்டுப் போனான், அவ்வளவுதான். கூரைத் தகரம் ஏற்றியது நான். உடலைக் கிடத்தும் சீமெந்துத் திட்டுக்குக் கால்பக்கமாகச் சரிவு வைத்தது நான். அதற்கு முதல் கழுவுகிற தண்ணீர் தலைமாட்டில் தேங்கும், டொக்டர்மார் சப்பாத்தோடு அதற்குள் நிற்பார்கள். எலும்பு காயவைக்க இடமில்லை என்றபோது, எங்கள் கடற்கரையில் கருவாடு காயப்போடுகிற பரண் மாதிரியே காட்டுத்தடியும் பழைய வலையும் கொண்டு ஒன்று கட்டிக் கொடுத்தேன். நாய் ஏறாது, காகம் கொத்தாது, காற்று நாலு பக்கத்தாலும் போகும். யானை வந்து பிரித்த பின்வேலியைத் திரும்பத் திரும்பக் கட்டியவனும் நான்தான். இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. ஒரு மனிசன் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தான் என்பதை அவனுடைய பல்லையும் முடியையும் வைத்துக் கண்டுபிடிக்கிற வேலை இந்த வன்னியில் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் அள்ளி வந்தது இந்தக் கைதான். படித்தது ஐந்தாம் வகுப்பு. பிறந்தது நாயாற்றில், கடற்தொழில் செய்த வீட்டில்.

நலன்புரிச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். புதுக் கட்டடம் வந்துவிட்டது, குளிர் அறை வந்துவிட்டது, பழையதை இடித்துவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் 'தண்ணி வழக்கு' என்று ஏதோ கதை கேள்விப்பட்டிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது. எழுதிவிட்டால் இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வேலை பழகிய கதை பெரிய கதை இல்லை. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பினபோது வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. ஆஸ்பத்திரியில் நாட்கூலிக்குப் புல்லு வெட்டப் போனேன். பிரேத அறைக்கு ஆள் இல்லை, ஒருவரும் போகமாட்டார்கள். நான் போனேன். முதல் மாதம் சோறு இறங்கவில்லை, பிறகு இறங்கியது. கலியாண வீடுகளில் என் கையால் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள், அதுவும் பழகிவிட்டது. சிற்றூழியராக நிரந்தரமாக்கினார்கள். என் மனுசி மட்டும் கடைசிவரை, வீட்டு வாசலில் குளிக்காமல் என்னைக் குசினிக்குள் விட்டதில்லை.

பிறகு மேடம் வந்தார். சட்ட வைத்திய அதிகாரி, திருகோணமலைப் பக்கத்து மனுசி, மெலிந்த ஆள். அவருக்கு முதல் இருந்த டொக்டர்மாருக்குக் கீழேயும் நான் வேலை செய்தேன். அவர்கள் வருவார்கள், வெட்டுவார்கள், போவார்கள். மேடம் அப்படி இல்லை. உள்ளே வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுவார். அப்படியே திட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பார். கை பின்னால் இருக்கும்வரைக்கும் நாங்கள் ஒருவரும் உடலைத் தொடக்கூடாது.

"கை முந்தினால் கண் மங்கிப் போகும் தாஸ்" என்பார். "முதல் பாருங்கோ. என்ன தெரியுது?"

"பொம்பிளை மேடம்."

"அது எப்பிடித் தெரியும்?"

"சீலை."

"சீலையை ஆரும் சுத்தலாம். திரும்பப் பாருங்கோ."

நான் சொன்னதை என்னைக்கொண்டே இன்னொரு தரம் சொல்லுவிப்பார். பகிடி விடமாட்டார், சத்தம் போடமாட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சத்தம் போடுகிறவரை ஏமாற்றலாம், திரும்பச் சொல்லு என்கிறவரை ஏமாற்ற முடியாது.

அவர்தான் ஒருநாள் இந்தத் தண்ணீர் விசயத்தைச் சொன்னார். "சமதானி" என்றார். எனக்குச் "சமாதானம்" என்று கேட்டது. இந்த நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஆள் நான். "அது வராது மேடம், விடுங்கோ" என்றேன். அந்த மனுசி சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

பிறகு விளங்கப்படுத்தினார், இங்கிலீசில் ஐசோடோப் என்பார்களாம். ஒரே பொருளுக்குள் பாரமானதும் இலேசானதுமாக இரண்டு வகை இருக்குமாம், குணம் ஒன்றுதான், நிறை வேறு. தண்ணீரிலும் அப்படி. குளத்தில் வெயில் பட்டுக் கிடக்கிற தண்ணீரில் இலேசானது முதலில் ஆவியாகிப் போய்விடும், பாரமானது மிஞ்சும். கிணற்றின் ஆழத்தில் கிடக்கிற தண்ணீர் அப்படி மாறாது. அதே போல, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கிற தண்ணீரில் ஒருவிதமான உலோகம் கரைந்திருக்கும், வன்னியின் கருங்கல் பாறைக்குள் கிடக்கிறதில் இன்னொரு விதம். குழந்தையில் குடித்த தண்ணீர் பல்லுக்குள் போய் இருந்துவிடும், சாகும்வரை மாறாது. முடி வளர்ந்துகொண்டே இருப்பதால், போன மாதம் குடித்தது வேரடியிலும், போன வருசம் குடித்தது கீழே நுனிப்பக்கத்திலும் இருக்கும்.

"அப்ப பல்லு பிறந்த இடத்தைச் சொல்லும், முடி கடைசியா இருந்த இடத்தைச் சொல்லும்" என்றேன்.

"திரும்பச் சொல்லுங்கோ."

திரும்பச் சொன்னேன்.

ஆனால் எந்த இடத்துத் தண்ணீர் எப்படி என்று முதலில் தெரிந்தால்தானே ஒப்பிடலாம். அதற்குத்தான் நான் அலைந்தேன். வவுனியாவிலிருந்து ஆனையிறவு தாண்டித் தீவுப்பகுதி வரைக்கும், இந்தப் பக்கம் தண்ணீரூற்று, முல்லைத்தீவுக் கரை, கொக்கிளாய் என்று என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் போனேன். போத்தலை முதல் அதே தண்ணீரால் அலச வேண்டும். பிறகு தண்ணீருக்குள் முழுதாக அமுக்கி, உள்ளே ஒரு குமிழி காற்றும் இல்லாமல், தண்ணீருக்குள்ளேயே வைத்து மூட வேண்டும். காற்று இருந்தால் உள்ளுக்குள்ளேயே ஆவியாகிக் கணக்குப் பிழைத்துப் போகும். மூடிக்குச் சுற்றி நாடா ஒட்ட வேண்டும், இடத்தின் பெயரை எழுத வேண்டும். வெயிலில் வைக்கக்கூடாது. ஈரச் சாக்குக்குள் சுற்றிக் கொண்டுவருவேன். கிணற்றுச் சொந்தக்காரர் சிலர் நான் நஞ்சு கலக்க வந்தேன் என்று நாயை அவிழ்த்துவிட்டார்கள். வேறு சிலர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். என் தொழில் என்ன என்று கேட்காதவர்கள்.

பற்களுக்கு அலையத் தேவை இருக்கவில்லை. பல் கிளினிக்கில் பிடுங்குகிற பற்களை, ஆட்களின் சம்மதத்தோடு, அங்கே தாதியாக இருந்த மிஸ்ஸி எடுத்து வைப்பார். ஒவ்வொருவரிடமும் "உங்கட ஊர் எது?" என்று கேட்டு உறையில் எழுதுவார். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்து வேலணை, காரைநகர், புங்குடுதீவு, இந்தப் பக்கம் கொடிகாமம், கிளிநொச்சி. எல்லாம் சேர்த்து மேடம் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புவார்.

அந்த நேரத்தில்தான் நாயாற்றில் அந்தப் பெண் கிடைத்தாள்.

இறால் பிடிக்கப் போனவர்கள் கண்டல் வேருக்குள் கண்டார்கள். மாதக்கணக்காகி இருக்க வேண்டும், எலும்பும் துணியும் கூந்தலும்தான். கூந்தல் அப்படியே பின்னலோடு கிடந்தது, நீளமான பின்னல். மண்டையோட்டின் பின்பக்கம் உடைந்திருந்தது. மேடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் சுற்றினார். "அடிச்சிருக்கிறாங்கள்" என்று மட்டும் சொன்னார். பிறகு கையை முன்னால் எடுத்தார்.

மண்டையில் ஒட்டியிருந்த தோலோடு முடியை எடுத்தோம். வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று மாறிவிட்டால் காலமே தலைகீழாகப் போகும். அதனால் வேர்ப்பக்கத்தைச் சிவப்பு நூலால் கட்டினேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, காயவைத்து, நேராக நீட்டிக் கண்ணாடித் தட்டில் ஒட்டினோம். பின் கடைவாய்ப் பல் ஒன்றை மேடம் பார்த்து எடுத்தார், பிள்ளைக் காலத்தில் உருவாகிற பல். இதெல்லாம் வெளிநாட்டுக்குப் போனது.

அந்தக் கிழமையே ஒரு மனுசி வந்தா. இராசமலர் என்று பெயர், கிளிநொச்சிப் பக்கம் பத்தாம் வாய்க்கால் குடியேற்றத்தில் வயல் செய்கிறவா. எல்லாரும் மலரக்கா என்பார்கள். மகள் சுகந்தியைக் காணவில்லை. மருமகன் ரூபன், தன் பெண்சாதி, ஏஜென்சிக்காரன் குடுத்த வேறு பேர் பாஸ்போட்டில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறான். போனில் மெசேஜும் காட்டியிருக்கிறான். ஆனால் தாய் மகளின் குரலைக் கேட்கவில்லை.

"எழுத்து மட்டும்தான் தம்பி வருது" என்றா என்னிடம். "என்ர பிள்ளைக்கு எழுதப் பஞ்சி. கதைக்கத்தான் விருப்பம். ஒருக்கால் அந்த எலும்பைக் காட்டுங்கோ, நான் பாத்தா அறிவன்."

எலும்பைப் பார்த்து ஒரு தாயும் அறியமாட்டா. அதை நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பொலிஸ் சார்ஜன் சொன்னார்: "அம்மா, உங்கட மகள் வெளிநாட்டில. மருமகன் மெசேஜ் காட்டியிருக்கிறார். வீணா ஏன் அலையிறியள்? போங்கோ."

மரபணு பார்க்கவும் பொலிஸ் எழுதித் தரவேண்டும், அவர்கள் தரவில்லை. மனுசி போனா. அடுத்த கிழமை திரும்ப வந்தா. அதற்கு அடுத்த கிழமையும் வந்தா. கதிரை ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கமாட்டா, இருந்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போவா. அந்தக் கதிரையைப் பார்க்கிறதே எனக்குப் பாரமாக இருந்தது.

முடிவு வந்தது. அந்தப் பெண்ணின் பல், எங்கள் சேகரிப்பில் 'வேலணை' என்று எழுதிய பற்களோடு ஒத்துப் போகிறது. பொலிஸுக்கு அது போதும். தீவுப்பகுதியில் காணாமற்போன பெண் யார் என்று தேடப் போய்விட்டார்கள்.

ஆனால் மேடத்தின் முகம் சரியில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"தாஸ், வேலணைக் கிணத்துத் தண்ணி எங்க அள்ளினீங்கள்?"

"வேலணையில."

"திரும்பச் சொல்லுங்கோ."

"வேலணையிலதான் மேடம். கோயில் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு, ஒரு வீட்டுக் கிணறு."

"வேலணைத் தண்ணி சுண்ணாம்புக் கல்லைச் சொல்லுது. வேலணைப் பல்லு கருங்கல்லைச் சொல்லுது. ஒண்டில் பல்லுப் பிழை, ஒண்டில் போத்தில் பிழை. போத்திலை எங்கையாவது மாத்தி வைச்சனீங்களோ?"

இந்த வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லிப் பேசியிருக்கிறார்கள். அதெல்லாம் வந்து போய்விட்டது. மேடம் அமைதியாகக் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. வெயிலுக்குள் சாக்கு நனைத்து நனைத்துக் கொண்டுவந்த தண்ணீர் அது. வழியில் ஒரு குழாயில் எல்லாப் போத்தலையும் நிரப்பிக்கொண்டு வந்தவன் மாதிரி நிற்க வேண்டி வந்தது. விடியத் தீவுக்குப் போனேன், அதே கிணறுகளில் திரும்ப அள்ளினேன். கிணறு, போத்தல், பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரர், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். அந்தத் தண்ணீரும் முந்தியது சொன்னதையே சொன்னது. சுண்ணாம்பு.

"போத்தில் சரி" என்றார் மேடம். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றும் சொன்னார். ஆனால் பல்லு ஏன் பிழைத்தது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அப்படி இருக்கையில்தான் மலரக்கா திரும்ப வந்தா. இந்தத் தரம் கதிரையில் இருக்கவில்லை, நேரே என்னிடம் வந்தா.

"தம்பி, அந்தப் பொம்பிளை வேலணை எண்டு பொலிசில கதைக்கினம். மெய்யே?"

"ஓமக்கா. தீவுப்பக்கத்துப் பிள்ளை. அப்ப அது உங்கட பிள்ளை இல்லை. நிம்மதியாப் போங்கோ."

"ஏன் இல்லை? நாங்களும் வேலணைதானே!"

எனக்கு விசர் வந்தது. ஆறுதல் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தால் திரும்பத் தொடங்குகிறா. ஆனால் மனுசி கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மேடம் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார், சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"அம்மா, உங்கட மகள் வேலணையில எவ்வளவு காலம் இருந்தவா?"

"அவள் எங்க இருந்தவள் டொக்டர்? பத்தாம் வாய்க்காலிலதானே பெத்தனான்."

"பிறகேன் வேலணை எண்டு சொல்லுறியள்?"

"எங்கட ஊர் வேலணைதானே."

"நீங்கள் அங்க பிறந்தனீங்களோ?"

"இல்லை. என்ர அப்பாதான் அங்கையிருந்து காடு வெட்டிக் கமஞ்செய்ய வந்தவர். நான் பிறந்ததும் வாய்க்காலிலதான்."

"வேலணைக்குப் போயிருக்கிறியளோ?"

"ஒருக்காப் போனனான். திருவிழாவுக்கு." கொஞ்சம் யோசித்தா. "மகள் அதுவும் போகேல்லை. இடம்பெயர்ந்து திரிஞ்சதும் வன்னிக்குள்ளதான்."

மேடம் கையைப் பின்னால் கட்டினார். உடலே இல்லாத இடத்தில் அவர் கையைப் பின்னால் கட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன். படலையடியில் நின்ற காவற்காரத் தம்பியைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்கட ஊர் எது?"

"காரைநகர் மேடம்."

"பிறந்தது?"

"முரசுமோட்டை. கிளிநொச்சிக்குப் பக்கத்தில."

என்னைப் பார்த்தார். "தாஸ், உங்களுக்கு?"

"எனக்கு நாயாறுதான் மேடம். பிறந்ததும் அங்க, கடலில இறங்கினதும் அங்க. எங்களுக்கு வேற ஊர் இல்லை."

மேடம் பல் கிளினிக் பக்கம் நடந்தார். நடந்தார் என்றால் ஓடாத குறை. மிஸ்ஸி பாவம், அவர் ஒரு பிழையும் விடவில்லை. ஊர் எது என்று கேட்டார், சனம் ஊரைச் சொன்னது. வன்னியில் குடியேறின சனத்திடம் ஊர் எது என்று கேட்டால், தாங்கள் பிறந்த இடத்தைச் சொல்லாது, தகப்பனும் பாட்டனும் விட்டுவிட்டு வந்த இடத்தைத்தான் சொல்லும். வேலணை என்று எழுதிய உறைகளுக்குள் இருந்த பற்களில் அரைவாசிக்கு மேல், வேலணைத் தண்ணீரை ஒரு வாய் குடிக்காத பற்கள். எல்லாம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரும் வாய்க்கால்கரைக் கிணற்றுத் தண்ணீரும் குடித்த பற்கள். அந்தப் பெண் அவற்றோடு ஒத்துப் போனதில் ஆச்சரியம் என்ன?

பிறகு வேலை யாருக்கு? எனக்கு. பல் குடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போக வேண்டும், ஊரை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கேட்க வேண்டும். எந்தக் கிணற்றில் குடித்து வளர்ந்தீர்கள், எந்த வயது வரைக்கும், அந்தக் கிணறு இப்போதும் இருக்கிறதா. பரந்தனில் ஒரு வயசாளி என்னைத் திட்டினார்.

"என்ர ஊர் காரைநகர்! ஆர் சொன்னது இல்லையெண்டு?"

"இல்லையெண்டு ஆரும் சொல்லேல்லை ஐயா. அங்க எத்தினை வயசுவரைக்கும் தண்ணி குடிச்சனீங்கள்?"

"தண்ணியோ? அது உப்புத் தண்ணியடா. ஆர் குடிக்கிறது அதை!"

இன்னொரு வீட்டில், புருசன் தன் ஊர் புங்குடுதீவு என்றான், பெண்சாதி "இவர் புங்குடுதீவைக் கண்டது கலண்டரிலதான்" என்றா. இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே சண்டை பிடித்தார்கள். கேட்கப் பகிடியாக இருக்கும். மழைக்குள் அப்படி வீடு வீடாக ஏறி இறங்கினவனுக்குப் பகிடி இல்லை. என் முழங்கால் போனது அந்த மாரியில்தான். திருத்தின விபரத்தை அனுப்பினோம். வேலணைப் பற்கள் வாய்க்கால் பற்களாக மாறின. அந்தப் பெண்ணும் வாய்க்கால்காரியானாள்.

மேடம் மலரக்காவை வரச்சொல்லி, "வாயைத் திறவுங்கோ அம்மா" என்று கன்னத்தின் உள்பக்கம் துடைத்து எடுத்தார். மரபணு முடிவு வந்தது. சுகந்திதான். மேடம் சொன்னபோது மலரக்கா அழவில்லை. கதிரையில் இருந்தா. பிறகு என்னிடம், "தம்பி, அவளின்ர பின்னலை அவிட்டனீங்களோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். "நோகாம அவிட்டிருப்பியள்" என்றா.

ரூபனைப் பிடித்தார்கள். அவன் கதையை மாற்றினான். சுகந்தி குவைத்துக்குப் போனது உண்மை, அங்கே சில மாதம் இருந்தாள், களவாகத் திரும்பி வந்து வேறு ஒருவனோடு திரிந்தாள், அவன்தான் கொன்றிருக்க வேண்டும், தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். கள்ளப் பாஸ்போட் என்றபடியால், போனதைக் காட்டவும் இடமில்லை, போகாததைக் காட்டவும் இடமில்லை. செத்துப்போன பிள்ளையின் பெயரும் சேர்ந்து நாறியது. பத்தாம் வாய்க்காலில் சனம் தாயின் முகத்துக்கு முன்னாலேயே கதைத்தது. பெடிச்சி எங்கே திரிந்தாளோ என்று.

அதற்குப் பதில் சொன்னது கூந்தல். குவைத்தில் கடல் தண்ணீரைக் காய்ச்சி வடித்துத்தான் குடிக்கக் குடுப்பார்களாம், அது முடியில் தெரியும். நான் அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த பெண்களைத் தேடிப் போய், விசயத்தைச் சொல்லி, தலைமுடியில் சில இழை கேட்டு வாங்கி வந்தேன். முடி கேட்டுப் போகிற ஆம்பிளையை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சூனியக்காரன் என்று ஒருத்தி விளக்குமாறு எடுத்தா. ஆனால் விசயம் விளங்கியவுடன் அவர்களே மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "எங்களைப் பற்றியும் உப்பிடித்தான் அண்ணை கதைக்கிறவை" என்றா அதே விளக்குமாற்றுக்காரி, கத்தரிக்கோலைத் தானே எடுத்துத் தந்து.

அவர்களின் முடியில் போன காலமும் வந்த காலமும் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது. சுகந்தியின் முடியில், நுனியிலிருந்து வேர்வரைக்கும், ஒரு கோடும் இல்லை. மாரியில் கிணறு, கோடையில் கிணறு வற்றக் குளம், திரும்ப மாரி, திரும்பக் கோடை. வன்னியை விட்டு அவள் ஒரு நாளும் வெளியே போகவில்லை.

வழக்குத் தவணை தவணையாக இழுபட்டது. ஒவ்வொரு தவணைக்கும் போய் வெளி விறாந்தையில் நிற்பேன், பின்னேரம் திரும்புவேன். கடைசியில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிரி தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை.

"நீர் எத்தனையாம் வகுப்பு?"

"ஐந்து."

"சமதானி என்றால் என்ன என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும்."

"அதை மேடத்தைக் கேளுங்கோ ஐயா. நான் போத்திலுக்கும் முடிக்கும் பொறுப்பு."

ஆரோ பின்னுக்குச் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "அந்தப் பின்னல் சவுரி இல்லையென்று எப்படித் தெரியும்? கடையில் வாங்குகிற சவுரியில் வேறு ஒரு பெண்ணின் முடிதானே இருக்கும்?"

நல்ல கேள்வி. நான் சொன்னேன்: "சவுரிக்கு நூல் முடிச்சு இருக்கும், தோல் இருக்காது. இது மண்டைத் தோலோட இருந்தது. தோலிலயிருந்து நான்தான் எடுத்தனான். எடுத்த உடனை வேர்ப்பக்கம் சிவப்பு நூல் கட்டினனான். அதுக்குப் பிறகு அந்த நூலை ஒருத்தரும் அவிழ்க்கேல்லை."

நீதிபதி கண்ணாடித் தட்டை வாங்கிப் பார்த்தார். சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

அவள் போகாத குவைத்திலிருந்து வந்தது என்று மெசேஜ் காட்டினவன் அவன்தானே. ரூபன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மேன்முறையீடு இன்னும் நடக்கிறது. அது எப்ப முடியும் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் அலுப்பு. ஆனால் அந்தப் பிள்ளை ஓடிப்போனவள் இல்லை என்பதை இனி ஒரு மேன்முறையீடும் மாற்றாது.

எலும்பைத் தாயிடம் குடுத்த அன்று நானும் கூடப் போனேன். கிளிநொச்சியில் மரண அறிவித்தல் அடிக்கிற கடைக்கு மலரக்கா போனபோது பக்கத்தில் நின்றேன். கடைக்காரப் பெடியன் வழக்கமான மாதிரி தட்டத் தொடங்கினான்.

"வேலணையைப் பிறப்பிடமாகவும், பத்தாம் வாய்க்காலை வதிவிடமாகவும் கொண்ட. சரியோ அம்மா?"

"இல்லை" என்றா மலரக்கா. "பிறப்பிடமும் பத்தாம் வாய்க்கால். வதிவிடமும் பத்தாம் வாய்க்கால்."

"ரெண்டும் ஒண்டெண்டால் வடிவில்லை அம்மா. எல்லாரும் ஊரைப் போடுறவை."

"என்ர பிள்ளை வன்னியை விட்டு வேற ஒரு இடத்துத் தண்ணியும் குடிக்கேல்லை. ரெண்டையும் போடு."

பெடியன் இரண்டையும் போட்டான்.

போன மாதம் வவுனியாவில் இளம் டொக்டர்மாருக்கு இந்த முறையைப் படிப்பிக்க ஒரு பயிற்சி நடந்தது. மேடம் மாற்றலாகிப் போய்ப் பல காலம், அவர் வரவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பின்வரிசையில் இருத்தினார்கள், வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள். கையில் குடுத்த புத்தகத்தில் சுகந்தியின் வழக்கு இருந்தது. மேடத்தின் பெயர் இருந்தது, அது நியாயம். வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் பெயர் இருந்தது, பணிப்பாளரின் பெயரும் இருந்தது, அவர் ஒரு போத்தலையும் கண்ணால் கண்டவர் இல்லை. என் வேலைக்கு ஒரு வரி: 'நீர், பல், முடி மாதிரிகள் சேகரிக்கப்பட்டன.'

சேகரிக்கப்பட்டனவாம். கிணறு தானாக எழும்பிப் போத்தலுக்குள் வந்து இறங்கியதாம். முடி தானாக அறுந்து, தானாகச் சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டதாம். நாயை அவிழ்த்துவிட்டது ஆருக்கு? விளக்குமாறு எடுத்தது ஆருக்கு? போத்தலை மாற்றினாயோ என்று கேட்கக் கேட்டுக்கொண்டு நின்றவன் ஆர்?

இந்த மலரைப் படிக்கிற டொக்டர்மாருக்கும் அதிகாரிமாருக்கும் சொல்லுகிறேன். எனக்குப் பொன்னாடை வேண்டாம், மேடையும் வேண்டாம். அடுத்த பதிப்பில் அந்த வரியை வெட்டிவிட்டு, 'நாயாற்றைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சிற்றூழியர் மரியதாஸ் சேகரித்தார்' என்று போடுங்கள். நான் செத்த பிறகு போட வேண்டாம். இப்போதே போடுங்கள், வாசித்துப் பார்க்க எனக்குக் கண் இருக்கையிலே.